களாப்பழம் தேடி மணமேல்குடிக்கு

என் மகள் மீனா கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள். ஆவணிக் கடைசியில் அவளும் மருமகனும் அங்கே ஒரு மேட்டுப் பொட்டலில் நடக்கப் போனார்களாம். மரமே இல்லாத மேடு. முழங்கால் உயரத்துக்குப் புதர், அதில் கருநீலத்தில் குட்டிக் குட்டிப் பழம். பறித்துத் தின்று வாயெல்லாம் நீலமாக நிற்கிற படத்தோடு, நடந்த கதையை நாலு பக்கம் எழுதிக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். காலில் முழங்கால் வரைக்கும் பூட்ஸ். போனில் பேசும்போது, “நானும் இந்த ஆடியில பழம் தேடி நடந்தவன்தான் தாயீ, அதுவும் வெறுங்காலோட” என்றேன். “அப்ப நீங்களும் எழுதுங்கப்பா” என்றாள். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. பிழை இருந்தால் ஆத்தா பொறுப்பாள். படிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் விராலிமலைக்குக் கிழக்கே. ஊரை ஒட்டிய பொட்டலில் எங்கள் குலதெய்வம் களாக்காட்டாயி இருக்கிறாள். அவள் இந்தப் பக்கம் நடந்து வந்தபோது தாகத்துக்குக் களாப்பழம்தான் கிடைத்ததாம். தின்றவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் என்பார்கள். அதனால் ஆடித் திருவிழாவின் எட்டாம் நாள் படையலில் களாப்பழம் ஒரு கைப்பிடி இருந்தே ஆக வேண்டும். நாங்கள் ஏழு பங்காளி வீடு. வருடத்துக்கு ஒரு வீட்டுக்கு முறை. முறைக்காரன் காப்புக் கட்டிய கையால் பறிக்க வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது. ஆள் நட்டு வளர்த்ததும் ஆகாது. தானாக முளைத்த செடியின் பழம்தான் ஆத்தாளுக்கு. பழம் வந்தால்தான் அவள் முகத்துக்கு முன்னால் இருக்கிற திரை விலகும். வராவிட்டால் திரை போட்டபடியே திருவிழா முடியும். அந்த வருடம் ஏழு வீட்டிலும் கல்யாணம் காட்சி கிடையாது.

இந்த வருடம் முறை எனக்கு. என் பெரியப்பா மகன் மாணிக்கண்ணனுடைய பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகையும் அடித்தாயிற்று.

இதில் நான் செய்த புத்திசாலித்தனத்தைச் சொல்லிவிட வேண்டும். என் முறைக்குக் கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். போன வருடத் திருவிழா முடிந்ததுமே ஜேசிபி கொண்டுவந்து, “முள்ளு ஒண்ணு விடாம வழிச்சிருங்க தம்பி” என்று நானே கை நீட்டிக் காட்டினேன். வழித்த இடத்தில் பேவர் பிளாக் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். மாணிக்கண்ணன்கூட, “கோயிலு இப்பத்தான்டா கோயிலு மாதிரி இருக்கு” என்றார். அந்த முள்தான் களாச்செடி என்பது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் சுற்றுவட்டாரத்தில் களாவுக்கா பஞ்சம் என்று நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துண்டு கோத்த கயிறு வலது மணிக்கட்டில் ஏறியது. இனி எட்டு நாள் செருப்பு கிடையாது. பகலில் சமைத்த சாப்பாடு கிடையாது. சாயங்காலம் வீட்டில் ஒருவேளைதான். எல்லாவற்றுக்கும் மேலே, ஊரில் விளக்கு வைப்பதற்குள் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். தவறினால் காப்பு முறிந்தது, முறையும் போனது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பக்கத்துப் பொட்டலையெல்லாம் நடந்தே பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் தைலமரம். அதன் அடியில் புல்லே முளைப்பதில்லை, களா எங்கே முளைக்கும்? வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது கோயில் வாசலில் மாணிக்கண்ணன் நின்றார்.

“என்னடா சிதம்பரம், கெடச்சுச்சா?”

“இல்லண்ணே.”

“அப்ப ஒண்ணு செய்யி. ஆத்தாளுக்கு ஆசையா பேவர் பிளாக் போட்டீல்ல, அதையே நாலு கல்லப் பேத்துப் படையல் வையி. திங்கிறாளான்னு பாப்பம்.”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து போனில் மீனாவிடம் சொன்னேன். “திருச்சியில ப்ளூபெர்ரி டப்பா கெடைக்கும்பா, பாக்க அப்படியேதான் இருக்கும்” என்றாள். அவளுடைய அம்மா சரோசா போனை வாங்கி, “ஏன்டி, ஆத்தாளுக்கு என்ன கண்ணு தெரியாதா?” என்று கேட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மொபெட்டில் அன்னவாசல் பக்கம் போனேன். ஒரு கல்லுக்காட்டில் காரைச்செடி இருந்தது, சூரைச்செடி இருந்தது. களா இல்லை. போதாததற்கு டயரில் காரைமுள் ஏறிவிட்டது. பஞ்சர் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். வண்டிக்கு ஒரு முள், எனக்குக் காலில் மூன்று. பஞ்சர் ஒட்டுகிறவர் மணமேல்குடிக்காரர், இங்கே பெண் கட்டியவர். என் மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்து விசாரித்தார்.

“களாவா? எங்கூருப் பக்கம் மணக்காட்டுல கெடக்குமுங்க. எங்க சின்னம்மா வீட்டுலயே இருக்கு. மேரின்னு கேளுங்க, கோயிலுக்குப் பின்னால வீடு.”

ஒரே மாவட்டம்தான். ஆனால் இந்த ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் நான் அறந்தாங்கியைத் தாண்டியதில்லை. மீனாவுக்கு இங்கிலாந்து எப்படியோ, எனக்கு மணமேல்குடி அப்படி.

ஞாயிற்றுக்கிழமை கருக்கலில் முதல் பஸ். இலுப்பூர் வழியாகப் புதுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி, பிறகு மீமிசல் போகிற பஸ். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் முழுசாக அரைமணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரே பரோட்டாக் கடை. கல்லில் பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

அறந்தாங்கியைத் தாண்டியதும் மண் நிறம் மாறிக்கொண்டே வந்தது. எங்கள் மண் சிவப்பு, காலில் ஒட்டினால் வேட்டி வரைக்கும் வரும். இங்கே சாம்பலும் வெள்ளையுமாக மணல். காற்றில் உப்பு. பஸ்ஸில் என் பக்கத்தில் காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மா என் வெறுங்காலைப் பார்த்தார்.

“செருப்பு தொலஞ்சிருச்சா?”

“இல்லம்மா, காப்புக் கட்டியிருக்கேன்.”

“எங்கூரு மணல்ல வெறுங்காலோடவா? பத்து மணிக்கு மேல மீனே வறுத்துறலாம் அதுல” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

வெறுங்காலோடு வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே பன்னிரண்டு மணியாகிவிட்டது. மேரியம்மா அப்போதுதான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தார். வீட்டு வேலியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலி முழுக்கக் களா. பச்சைக் காய், சிவந்த காய், கன்னங்கரேல் என்று பழுத்த பழம். கிளையில் எல்லாப் பதத்திலும் தொங்கியது. விஷயத்தைச் சொன்னேன். “அதுக்கென்னண்ணே, பறிச்சுக்கங்க. கூடை தரவா?” என்றார். நான் மஞ்சள் துணியை விரித்துக் கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கை கிளையில் படுவதற்கு முன்னால் எதற்கோ கேட்டேன்.

“இது தானா வந்ததாம்மா?”

“இல்லண்ணே. எங்க மாமனார் ஆடு மேயாம இருக்கட்டும்னு வரிசையா நட்டது.”

கையை எடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. எங்கள் ஊருக்கும் இதற்கும் நாலு மணி நேர பஸ். ஆனால் கேட்டுத் தொலைத்துவிட்டேனே. கேட்காமல் பறித்திருந்தால் ஒரு மாதிரி. கேட்ட பிறகு பறித்தால் அது ஆத்தாளை ஏமாற்றுவது. காரணத்தைச் சொன்னதும் மேரியம்மா சிரித்தார்.

“ஒங்க ஆத்தா ரொம்பக் கறாருண்ணே. ஆனா நீங்க கேட்டீங்க பாருங்க, அது நல்லது. பொய்க் காணிக்கை எங்க சாமிக்கும் ஆகாது.”

டீ போடப் போனவரைத் தடுத்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். லேசாக உப்புக் கரித்தாலும் அமிர்தமாக இருந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்:

“இந்த வேலிப் பழத்தத் தின்னுட்டுக் குருவியெல்லாம் மீமிசல் ரோட்டுக்கு அங்கிட்டு இருக்குற மணமேட்டுலதான் போயி அடையும். குருவி போட்ட வெதை தானா வந்ததுதானே? அங்கிட்டுப் போயிப் பாருங்க.”

மணி ஒன்றாகிவிட்டது. அங்கே போய்த் தேடிவிட்டு ஊர் திரும்ப நேரம் பற்றாது. நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நாளை விட்டால் செவ்வாய், படையல்.

அறந்தாங்கி தாண்டியதும் டமாரென்று சத்தம். பஸ்ஸின் பின் டயர் வெடித்துவிட்டது. எல்லோரும் இறங்கி நிழலில் நின்றோம். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை என்றார் கண்டக்டர். மணி மூன்று, மூன்றரை. கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ரோட்டில் வந்த வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். கடைசியில் ஒரு சின்ன லாரி நின்றது. மீமிசலில் இருந்து மீன் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகிற வண்டி.

“சாமி, முன்னால எடமில்ல. பின்னால மீன் பொட்டிக்கு நடுவுலதான். பரவால்லையா?”

விரதக்காரன் மீன் பெட்டிக்கு நடுவிலா? ஒரு நிமிடம் யோசித்தேன். நடு ரோட்டில் காப்பு முறிவதா, மீனோடு போவதா? “ஆத்தா, நீயும் நடந்து வந்தவதானே, வழியில என்னத்தையெல்லாம் பாத்திருப்ப” என்று சொல்லிக்கொண்டு ஏறிவிட்டேன். புதுக்கோட்டை வரைக்கும் ஒரு பெட்டி நண்டு என் காலடியில் கரகரவென்று சுரண்டிக்கொண்டே வந்தது. ஐஸ் தண்ணீர் வேட்டியெல்லாம் நனைத்தது. ஆனால் மணலில் வெந்த உள்ளங்காலுக்கு அது மருந்து மாதிரி இருந்ததையும் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டையில் பஸ் மாறி, எங்கள் ஊர் விலக்கில் இறங்கி ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியதில்லை. எல்லைக்கல்லில் பூசாரியும் சரோசாவும் நின்றார்கள். நான் கல்லைத் தாண்டியபோது கோயில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். சரோசா மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டு மோந்து பார்த்தாள்.

“பழம் பறிக்கப் போனீங்களா, மீன் பிடிக்கப் போனீங்களா?”

மாணிக்கண்ணன் சற்றுத் தள்ளி நின்றார். கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை. “நாளைக்கு நானும் வரவாடா?” என்றார். குரல் இறங்கியிருந்தது. முறைக்காரன் தனியாகத்தான் போக வேண்டும். “நீங்க பந்தலுக்கு ஆள் சொல்லுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

திங்கட்கிழமை அதே முதல் பஸ். ஒன்பதரைக்கெல்லாம் மேரியம்மா சொன்ன மணல்மேட்டில் நின்றேன். மீனா எழுதிய மேடு இப்படித்தான் இருந்திருக்கும். மரம் இல்லை, வானம்தான். அவளுக்குக் குளிர் காற்று, எனக்கு நெருப்பு. தொலைவில் ஒரு ஓரமாகக் கடல் கோடு போட்டது போலத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்க்கிறேன், நின்று பார்க்க நேரமில்லை. கையெடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன்.

ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். புதருக்குப் புதர் குனிந்து பார்த்தேன். எதுவும் களா இல்லை. மணல் சுட ஆரம்பித்தது. துண்டைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொள்ளலாமா, அது செருப்புக் கணக்கில் வருமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. இருபது முப்பது ஆடு. பின்னால் தலையில் துண்டைப் போட்ட ஒரு நடுவயதுப் பெண். பெயர் பாக்கியம் என்று பிறகு சொன்னார்.

“என்னத்தத் தொலச்சீங்க, இந்த வெயில்ல?”

“களாப்பழம் தேடுறேன்மா. இங்கிட்டு எங்கயாச்சும் இருக்கா?”

அவர் ஒரு வெள்ளாட்டைக் காதைப் பிடித்து இழுத்து என் முன்னால் நிறுத்தினார். வெள்ளை ஆடு. வாயைச் சுற்றி மட்டும் கருஞ்சிவப்பு, வெற்றிலை போட்டதுபோல.

“எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? தின்னுட்டு வந்தவளக் கேளுங்க.”

ஆடு என்னைப் பார்த்தது. எனக்கு அது ஆத்தாளே பார்ப்பது மாதிரி இருந்தது. மீனா சிரிப்பாள். சிரிக்கட்டும். நான் உள்ளதை எழுதுகிறேன்.

மேட்டுக்கு மறுபக்கச் சரிவில், மழைத் தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளம். அதில் பதினைந்து, இருபது களாச்செடி. ஆளுயரம்கூட இல்லை, படர்ந்து பம்மிக் கிடந்தன. ஒழுங்கு இல்லை, வரிசை இல்லை, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. அந்த ஒழுங்கில்லாமையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! எந்த மாமனாரும் இப்படி நட மாட்டார். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“இத யாரும் நட்டதா?”

பாக்கியம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இந்த எடத்துல வந்து முள்ளு நட எவனுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

“எனக்கு அதுதான்மா வேணும்” என்று சொல்லி அந்த மணலில் விழுந்து கும்பிட்டேன். நெற்றி சுட்டது.

ஆட்டுக்கு எட்டாமல் உள்ளே இருந்த பழம்தான் மிச்சம். கையை நுழைத்துத்தான் பறிக்க வேண்டும். களாமுள் கவட்டை முள், ஒன்றுக்குத் தப்பினால் அடுத்தது குத்தும். காம்பு ஒடிந்த இடத்தில் பால் கசிந்து விரலெல்லாம் பிசின். பறித்த பழம் தரையில் விழக்கூடாது. பாக்கியம் மஞ்சள் துணியைக் கீழே ஏந்திப் பிடித்துக்கொண்டார். ஒரு கைப்பிடி போதும். நான் இரண்டு கை நிறையப் பறித்தேன். அவர் நாலைந்து பழத்தை வாயில் போட்டு, “தேனாட்டம் இருக்கு, ஒண்ணு திங்குறது?” என்றார். எனக்கு எச்சில் ஊறியது. ஆத்தாளுக்குப் படைக்கும் முன்னால் நான் தின்னக் கூடாது. அவர் கொட்டையைத் துப்பியது மட்டும் என் மனதில் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது.

கூழ் கொடுத்தார், வேண்டாம் என்றேன். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். “ஒங்க சாமிக்கிட்ட எங்க ஆட்டப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். சொல்லியிருக்கிறேன்.

திரும்பும்போது புதுக்கோட்டைப் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் துணி மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கையெல்லாம் ரத்தக் கீறல். கண்டக்டர் பார்த்தார். “என்ன, கோழியா?” என்றார். சாமிக்குப் பழம் என்றேன். அவ்வளவுதான், குரல் கொடுத்தார்: “யாரும் தள்ளாதீங்க, சாமி வருது, வழி விடுங்க!” கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் ஜன்னலோரம் நகர்ந்து இடம் கொடுத்தாள். அறந்தாங்கியில் இருந்து புதுக்கோட்டை வரைக்கும் ஒரு பழமும் நசுங்கவில்லை. டயரும் வெடிக்கவில்லை. விளக்கு வைக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டேன்.

கல்லுக்கு அந்தப் பக்கம் மாணிக்கண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். மூட்டையைப் பார்த்தார். எழுந்து வந்து என் கையைத் திருப்பி, கீறலைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என் முன்னால் ஊருக்குள் நடந்தார். “வந்துருச்சு! பழம் வந்துருச்சு!” என்று அவர் போட்ட சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்தது. எங்கள் ஊரில் மேளம் அடிப்பவர்கள்கூட அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை உச்சியில் திரை விலகியது. ஆத்தா முகத்தைப் பார்த்ததும் குலவை போட்ட பெண்களுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வேறு என்ன வேண்டும்?

படையல் முடிந்து பழத்தை ஆளுக்கு ஒன்றாகப் பூசாரி கொடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நான் அந்தச் சந்தேகத்தைக் கேட்டேன்.

“பூசாரி, நட்டாத்தானே ஆகாது? தின்னுட்டுத் துப்புனா?”

பூசாரி தட்டைப் பிடித்தபடியே யோசித்தார்.

“குருவி போட்டது ஆகும்னா மனுசன் துப்புனதும் ஆகும்தான். ஆனா குழி தோண்டக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. துப்பிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிறணும்.”

கோயிலுக்கு மேற்கே நான் போட்ட பேவர் பிளாக்கில் நாலு வரிசையை நானே கடப்பாரையால் பெயர்த்தேன். மாணிக்கண்ணன் கல்லைத் தூக்கி ஓரமாக அடுக்கினார். “படையல்ல வைக்கச் சொன்ன கல்லு இதானடா?” என்று கேட்டுச் சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். பிறகு முதல் ஆளாகப் பழத்தை வாயில் போட்டு, சதையை நன்றாக உறிஞ்சி, கொட்டையைத் தூரமாகத் துப்பினார். அதன் பிறகு வரிசை கட்டித் துப்பினார்கள். கோயில் வாசலில் துப்பியதற்கு ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். கல்யாணப் பெண்ணும் துப்பினாள். சரோசா வாயை மூடிக்கொண்டு வெட்கப்பட்டுத் துப்பினாள். நான் கடைசி. இனிப்பும் புளிப்பும் லேசான பிசினுமாக, அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. ஐப்பசியில் மழையும் பெய்தது. போன வெள்ளிக்கிழமை விளக்குப் போடப் போனபோது பார்த்தேன், பெயர்த்த இடத்தில் ஏழெட்டுச் செடி எதிரெதிர் இலை விட்டு நிற்கிறது. ஒரு இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்த்தால் களாதானா என்று தெரிந்துவிடும். கிள்ளவில்லை. எல்லாவற்றிலும் தள்ளி நிற்கிற செடி, தான் துப்பிய கொட்டையில் வந்தது என்று மாணிக்கண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நேற்று ஜேசிபித் தம்பி போன் செய்தது. “அண்ணே, மழைக்கு முள்ளும் மொளப்புமா வந்திருக்குமே, கோயிலச் சுத்தம் பண்ணிரலாமா?”

“சுத்தமாத்தான் இருக்கு தம்பி” என்றேன்.